பதினேழா, பதினெட்டா?

கேரளத்தில், கல்லாறு தாண்டியதும் பொன்முடிச் சாலை மலையேறத் தொடங்குகிறது. மொத்தம் 22 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை ஒன்று நிற்கும். மழைக்காலத்தில் மஞ்சு இறங்கிவிட்டால் பேருந்துக்குள் இருப்பவருக்குத் தேயிலையும் தெரியாது, பள்ளத்தாக்கும் தெரியாது. விளக்கு வெளிச்சத்தில் அந்தப் பலகை மட்டும் ஒரு கணம் தெரிந்து மறையும். "பதினாலு ஆச்சு" என்று யாராவது முணுமுணுப்பார்கள். இன்னும் எட்டு இருக்கிறது என்று எல்லோருக்கும் விளங்கிவிடும்.

நான் பிறந்தது அந்த மலையில், எஸ்டேட் தொழிலாளர் லயத்தில். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தேயிலை வேலைக்கு வந்தவர். நான் படித்துக் கணக்கு வாத்தியாராகி, மலையடிவாரத்துப் பள்ளி ஒன்றில் சேர்ந்தேன். 2010 மார்ச்சில் ஓய்வு பெறும்வரை தினமும் அதே சாலையில் இறங்கினேன், ஏறினேன். இப்போது எழுபதைத் தாண்டிவிட்டேன். மூட்டுவலி வந்தபின் மலைக்குப் போவது குறைந்துவிட்டாலும் அந்த எண்கள் மனசில் வரிசை மாறாமல் நிற்கின்றன. பதினேழும் பதினெட்டும் மட்டும் கொஞ்சம் அழுத்தமாகவே நிற்கின்றன.

தொண்ணூறுகளில் ஒரு மாலை. பேருந்து ஏறிக்கொண்டிருந்தபோது முன்பக்கத்திலிருந்து குபுகுபுவென்று ஆவி வந்தது. ஓட்டுநர் ஓரங்கட்டினார். கண்டக்டர் இறங்கிக் குனிந்து பார்த்தார். பிறகு ஒரு துண்டுக் காகிதத்தில் ஏதோ எழுதி, இறங்கி வந்துகொண்டிருந்த ஜீப்காரரிடம் கொடுத்தனுப்பினார். பக்கத்தில் நின்ற நான் எட்டிப் பார்த்தேன். வளைவு எண் 17, ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் வெடித்திருக்கிறது, தண்ணீர் முழுவதும் போய்விட்டது. இவ்வளவுதான் எழுதியிருந்தார். ஒன்றரை மணி நேரத்தில் மெக்கானிக் வந்து சேர்ந்தார். கையில் சரியான ஹோஸ், இரண்டு கிளிப், ஒரு கேன் தண்ணீர். "வண்டி நின்னுபோச்சு" என்று மட்டும் சொல்லியனுப்பியிருந்தால், அவர் வெறுங்கையோடு வந்து பார்த்துவிட்டு, இறங்கிப் போய்ச் சாமான் எடுத்து, மறுபடி ஏறியிருக்க வேண்டும். நாங்கள் அன்று விடிய விடிய அந்த வளைவிலேயே கிடந்திருப்போம்.

அந்தச் சீட்டு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வீட்டில் மனைவியிடம்கூடச் சொன்னேன். ஆனால் பிடித்துப்போவது வேறு, கற்றுக்கொள்வது வேறு. அது எனக்குத் தெரிய இன்னும் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆயிற்று.

2006ஆம் ஆண்டு. கேரளப் பள்ளிகளில் கணினிப் பாடம் கட்டற்ற மென்பொருளுக்கு மாறிக்கொண்டிருந்த காலம். விண்வெளி விஞ்ஞானி யு.ஆர்.ராவ் தலைமையிலான குழுவின் பரிந்துரைகளை ஒட்டி, 2001இல் 'ஐடி அட் ஸ்கூல்' திட்டம் தொடங்கியிருந்தது. அதே ஆண்டில்தான் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் முன்னோடி ரிச்சர்ட் ஸ்டால்மன் திருவனந்தபுரத்துக்கு வந்து, இந்தியாவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார். யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம், திருத்தலாம், பக்கத்துப் பள்ளிக்குக் கொடுக்கலாம் என்ற அவருடைய எண்ணம் எங்கள் மண்ணில் வேர்பிடித்தது. டெபியனை அடிப்படையாக வைத்துப் பள்ளிகளுக்கென்றே ஒரு குனு லினக்ஸ் இயங்குதளக் குறுந்தகடு வந்தது. அதை மெஷின்களில் போடக் கம்பெனி இன்ஜினியர் யாரும் வரவில்லை, ஆசிரியர்களே போட்டார்கள். எங்கள் பள்ளியில் ஐடி ஒருங்கிணைப்பாளர் நான்தான். கணக்கு வாத்தியாருக்குக் கம்ப்யூட்டர் தானாக வரும் என்று ஹெட்மாஸ்டர் நம்பினார். நானும் நம்பினேன்.

கணினி அறையின் மூலையில் யாரோ புண்ணியவான் கொடுத்த பழைய மெஷின் ஒன்று இருந்தது. 20 ஜிபி ஹார்ட் டிஸ்க். முதல் 6 ஜிபியில் விண்டோஸ் 98, அதற்கடுத்து 'டி' டிரைவ், கடைசியில் காலி இடம். அந்தக் காலி இடத்தில் லினக்ஸ் போட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. எல்லாம் முடிந்து, குறுந்தகட்டை எடுத்துவிட்டு மெஷின் மறுபடி எழுந்தது. கறுப்புத் திரையில் 'கிரப்' என்று தொடங்கும் ஒரு வரி. கீழே 'எர்ரர்' என்று ஒரு எண். அப்படியே நின்றுவிட்டது.

கடைசிப் பேருந்துக்கு ஆறு நிமிடம்தான் இருந்தது. குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். அறையைப் பெருக்கிப் பூட்ட வந்திருந்த அக்காவிடம், "அந்தப் பொட்டிய அணைச்சிடுங்கக்கா" என்று சொன்னதோடு சரி.

அந்த அக்கா பள்ளியில் பகுதிநேரத் துப்புரவுப் பணியாளர். அவரும் எஸ்டேட் லயத்தில் வளர்ந்தவர்தான். மூன்றாம் வகுப்புவரை தமிழில் படித்தவர். இங்கிலீஷ் தெரியாது.

அன்றிரவு வீட்டிலிருந்து 'ஐடி அட் ஸ்கூல்' திட்டத்தின் மாஸ்டர் டிரெய்னருக்குப் போன் செய்தேன். பல பள்ளிகளுக்கு ஓடி ஓடி உதவிக்கொண்டிருந்த இளைஞர் அவர். பொறுமையாகக் கேட்டார்: "சாரே, திரையில என்ன எழுதியிருந்தது? நம்பர் என்ன?" எனக்குச் சட்டென்று வரவில்லை. கண்ணை மூடி யோசித்தேன். "பதினேழு" என்று சொன்னேன். நிச்சயமில்லாமல் சொன்னேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

கிரப் என்பது மெஷின் எழுந்ததும் இயங்குதளத்தைத் தேடி எடுத்துக் கொடுக்கிற ஒரு சின்ன நிரல். அதன் பழைய பதிப்பு ஒவ்வொரு தடங்கலுக்கும் ஒரு எண் சொல்லும். 15 என்றால் தேடிய கோப்பு இல்லை. 17 என்றால் காட்டிய பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்கின் அந்தப் பகுதியை, திறக்க முடியவில்லை. 18 என்றால் கோப்பு இருக்கும் இடம், மெஷினை முதலில் எழுப்புகிற பயாஸுக்கு எட்டவில்லை. 21 என்றால் டிஸ்க்கே கண்ணில் படவில்லை. 22 என்றால் அப்படி ஒரு பார்ட்டிஷனே கிடையாது. பதினேழையும் பதினெட்டையும் சேர்த்துப் பாருங்கள். எண்ணில் ஒன்றுதான் வித்தியாசம். நோயும் வேறு, மருந்தும் வேறு.

நான் சொன்ன பதினேழை நம்பி அவர் வழி சொன்னார். பார்ட்டிஷன் சரியாக அமையவில்லை போலிருக்கிறது, அதை நீக்கிவிட்டு மறுபடி உண்டாக்கிப் பாருங்கள் என்றார். "டிஸ்க்கில யாருடைய வேலையாவது இருக்கான்னு முதல்ல கேட்டுக்கோங்க சாரே" என்றும் சொன்னார். முதல் பாதி மட்டும்தான் என் காதில் ஏறியது.

திங்கட்கிழமை முதல் பேருந்திலேயே இறங்கிவிட்டேன். விசைப்பலகையின் கீழே ஒரு சாக்பீஸ் டப்பா அட்டை செருகியிருந்தது. குப்பை என்று நினைத்து ஒதுக்கி வைத்தேன். சுத்தமாகத் தொடங்குவோம் என்று, விண்டோஸ் இருந்த பகுதியை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் நீக்கி ஒன்றாக்கினேன். 'டி' டிரைவில் பையன்கள் ஏற்றிய விளையாட்டுகளைத் தவிர என்ன இருக்கப்போகிறது? ஃபார்மட் அடித்தேன், மறுபடி லினக்ஸ் போட்டேன். ஒரு மணி நேரம் கழித்து மெஷின் எழுந்தது. அதே கறுப்புத் திரை, அதே வரி. இந்தத் தடவை பேருந்து அவசரம் இல்லாததால் எண்ணைப் பார்த்தேன். 18.

கொஞ்ச நேரத்தில் அக்கா உள்ளே வந்தார். ஒதுக்கி வைத்த அட்டையை எடுத்து நீட்டினார். "சாரே, வெள்ளிக்கிழம அணைக்கிறதுக்கு முன்னாடி அதுல இருந்தத அப்படியே பாத்து எழுதி வச்சேன். நீங்க கேப்பீங்கன்னு." பென்சிலால் எழுதியிருந்தார். எழுத்து எழுத்தாகக் கோலம் போடுவதுபோல வரைந்திருந்தார். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, இரண்டு வரிக்கு நடுவிலிருந்த இடைவெளி, கடைசியில் 18. ஒன்றுகூடப் பிசகவில்லை.

எனக்கு அந்த மொழி தெரியும். தெரிந்ததனால் 'ஏதோ எர்ரர்' என்று சுருக்கிக்கொண்டு ஓடினேன். அக்காவுக்கு அந்த மொழி தெரியாது. எது முக்கியம், எது முக்கியமில்லை என்று தீர்மானிக்கிற உரிமை தனக்கில்லை என்று நினைத்து, இருந்ததை இருந்தபடி எடுத்து வைத்தார். அந்த அறையில் அன்றைக்குச் சரியாக வேலை செய்தவர் அவர் ஒருவர்தான்.

அன்று மத்தியானம் மலையாளம் டீச்சர் கணினி அறைக்கு வந்தார். அடுத்த மார்ச்சில் ஓய்வு பெறவிருந்தவர். பள்ளி ஆண்டு மலருக்காக மூன்று வாரம் மாலை நேரங்களில் உட்கார்ந்து, ஒற்றை விரலால் நாற்பது பக்கம் தட்டச்சு செய்து வைத்திருந்தார். அது அந்த மூலை மெஷினின் 'டி' டிரைவில் இருந்தது. மூலையில் இருப்பதால் யாரும் தொடமாட்டார்கள் என்று அதைத் தேர்ந்தெடுத்தாராம்.

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. மறுநாள் மாஸ்டர் டிரெய்னர் நேரில் வந்து என்னென்னவோ செய்து பார்த்தார். அழித்ததோடு நின்றிருந்தால் மீட்டிருக்கலாம், அதன்மேல் புதிதாக எழுதிவிட்டீர்களே என்றார். என் பதினேழைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பதினெட்டுக்கு உரிய மருந்தைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். பழைய பயாஸ் டிஸ்க்கின் முதல் 1,024 உருளைகளுக்குள் இருப்பதை மட்டுமே எட்டி எடுக்கும். கணக்குப் போட்டால் அது ஏறத்தாழ 8.4 ஜிபி. லினக்ஸின் மையமான கர்னல் அதற்கு அப்பால் போய் உட்கார்ந்தால் கை எட்டாது. விண்டோஸ் முடிகிற 6 ஜிபியை ஒட்டியே 100 எம்பியில் ஒரு சின்ன 'பூட்' பகுதி பிரித்து, கர்னலை அதில் வைத்தார். மெஷின் எழுந்தது. மொத்தம் முக்கால் மணி நேர வேலை. வெள்ளிக்கிழமை இரவே நான் பதினெட்டு என்று சொல்லியிருந்தால், அதற்கான வழி அன்றே போனில் கிடைத்திருக்கும். டீச்சரின் நாற்பது பக்கமும் பிழைத்திருக்கும்.

டீச்சர் என்ன சொன்னார் என்று கேட்பீர்கள். கொஞ்ச நேரம் ஜன்னல் வழியே மழையைப் பார்த்தார். பிறகு "சாரமில்ல, சாரே" என்றார். பரவாயில்லை என்பதற்கு மலையாளத்தில் அதுதான் சொல். அது சுலபமாக வந்த சொல் இல்லை என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கையெழுத்துப் பிரதி வீட்டில் இருக்கிறது, மறுபடி அடித்துக்கொள்கிறேன் என்றார். நான் அடிக்கிறேன் என்றேன். மலையாள விசைகள் எனக்கு அவ்வளவு பழக்கமில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க, நான் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தேன். ஐந்து வாரம் ஆயிற்று. அக்கா நாலரை மணிக்குக் கட்டன் சாயா கொண்டுவந்து வைப்பார். ஒவ்வொரு நாளும் முடிக்கும்போது இரண்டு ஃபிளாப்பியில் நகல் எடுத்து, ஒன்றை டீச்சரிடம் கொடுத்துவிட்டுத்தான் பேருந்துக்குப் போவேன். மலர் வெளிவந்தது. அந்த ஐந்து வாரத்தில் நான் பழகியது மலையாளத் தட்டச்சு மட்டுமல்ல. ஒருவருடைய வரியை அவர் சொன்னபடியே, கூட்டாமல் குறைக்காமல் எழுதுவதற்கும் கை பழகியது.

பிறகு கணினி அறையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தேன். முதல் பக்கத்தில் அக்காவின் அட்டையை ஒட்டினேன். மெஷின் நின்றால், தொடுவதற்கு முன் திரையில் உள்ளதை எழுத்துப் பிசகாமல் இதில் எழுத வேண்டும் என்பது விதி. அதன் கீழே தேதி. கடைசியாக என்ன செய்தோம் என்பது ஒரு வரி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும், மாற்றியதையும் எழுத வேண்டும்.

நான்கு வருடத்தில் நோட்டு நிறைந்தது. மழைக்காலத்தில் மெஷின் எழாமல் பீப் பீப் என்று கத்தினால், பெரும்பாலும் ஈரத்தில் ராம் அட்டையின் முனைகள் மங்கியிருக்கும். பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துச் செருகினால் போதும். தேதி பழைய காலத்துக்குப் போய் நின்றால் மதர்போர்டின் 3 வோல்ட் பேட்டரி தீர்ந்திருக்கும். 21 என்று வந்தால் டிஸ்க்கின் கேபிளை அழுத்திப் பார். குறுந்தகடு பாதியில் படிக்காமல் நின்றால், அதை அவசரமாக அதிவேகத்தில் எழுதியிருப்பார்கள். வேகத்தைக் குறைத்து வேறொன்று எழுது. விண்டோஸ் எக்ஸ்பி போடும்போது நீலத் திரையில் 7பி என்று முடிந்தால் டிஸ்க்கை அணுக முடியவில்லை என்று பொருள். சாட்டா டிஸ்க்குள்ள மெஷினில் பயாஸ் அமைப்பை ஐடிஇ என்று மாற்றிப் பார். 7இ என்று முடிந்தால் அது வேறு கதை, பெரும்பாலும் டிரைவர் கோளாறு. இங்கேயும் ஒரு எழுத்துதான் வித்தியாசம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் என்னைக் கூப்பிடாமலே நோட்டைப் புரட்டிச் சரிசெய்யத் தொடங்கினார்கள்.

அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்திலும் இப்படி ஒரு நோட்டு இருக்கிறது. 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டு மார்க் 2 கணினி சரியாக ஓடவில்லை. ஒரு ரிலேயில் விட்டில்பூச்சி சிக்கியிருந்தது. வேலை பார்த்தவர்கள் அந்தப் பூச்சியையே பதிவேட்டில் ஒட்டினார்கள். எல்லோரும் பூச்சியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். என் கண் அதன் பக்கத்திலுள்ள குறிப்புக்குத்தான் போகிறது: பிற்பகல் 3.45, எஃப் பலகை, 70ஆம் ரிலே. எங்கள் கண்டக்டர் எழுதிய சீட்டு மாதிரியே இருக்கிறது.

மெஷின் கதையோடு இதை முடித்திருக்கலாம். ஆனால் இந்தப் பாடம் என் வீட்டுக்குள் வந்தது அதற்குப் பிறகுதான்.

அப்பா காலமான பிறகு தம்பிக்கும் எனக்கும் பேச்சில்லாமல் போயிற்று. ஊரிலிருந்த சின்ன வீட்டைப் பற்றிப் பேசியபோது, "எனக்கு ஒண்ணும் வேண்டாம், என்னையக் கூப்பிடாத" என்று அவன் முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிட்டான் என்று ஆறு வருடம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். நோட்டுப் புத்தகம் பாதி நிறைந்திருந்த நாளில் தங்கை வீட்டுக்கு வந்தாள். பேச்சு அங்கே திரும்பியது. என்ன நினைத்தேனோ, "அன்னைக்கு அவன் என்ன சொன்னான், அப்படியே சொல்லு" என்று கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. "எனக்கு ஒண்ணும் வேண்டாம், நீயே வச்சுக்கண்ணேன்னு சொல்லிட்டு அழுதான். நீதான் அதுக்குள்ள எழுந்து போயிட்டியே."

பதினெட்டைப் பதினேழு என்று சொல்லி ஆறு வருடம் ஓட்டியிருக்கிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவன், "வா அண்ணே, சாப்பிட்டியா?" என்று கேட்டான். இந்தத் தடவை அவன் சொன்னதைச் சரியாகக் கேட்டுக்கொண்டேன்.

இப்போது கிரப்பின் புதிய பதிப்பு எண் சொல்வதில்லை, தடங்கலை வார்த்தையிலேயே சொல்கிறது. 'ஐடி அட் ஸ்கூல்' 2017இல் 'கைட்' என்ற நிறுவனமாயிற்று. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்ததும், நாகர்கோவிலில் படிக்கும் பேத்தி தன் பழைய லேப்டாப்பில் உபுண்டு போட முயன்றாள். "தாத்தா, எர்ரர் வருது" என்று போனில் ஒரு படம் அனுப்பினாள். பிசகில்லாத படம். நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. "நீயே வாய்விட்டுப் படிம்மா, தமிழ்ல அர்த்தம் சொல்லு" என்றேன். படித்தாள். பூட் செய்யத்தக்க சாதனம் எதுவும் இல்லை என்று திரை சொல்கிறது. "பென் டிரைவ் குத்தியிருக்கேனே தாத்தா" என்றவள் ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு, "ஐயோ, ஐஎஸ்ஓவ அப்படியே காப்பி பண்ணிட்டேன். அத இமேஜா எழுதணும்ல?" என்றாள். ஆமாம். கோப்பாக நகலெடுத்தால் அது பென் டிரைவில் வெறும் கோப்பாகத்தான் கிடக்கும். அதற்கான கருவியால் எழுதினால்தான் மெஷின் அதிலிருந்து எழும். நான் ஒன்றும் சொல்லித்தரவில்லை. இருபது நிமிடத்தில் உபுண்டு ஓடத் தொடங்கியது.

படம் எடுப்பது சுலபமாகிவிட்டது, நல்லதுதான். ஆனால் படம் எடுத்தவர் படித்தவர் ஆகிவிடமாட்டார். அக்கா அந்த மொழியைப் படிக்கத் தெரியாமல் பார்த்து எழுதினார். நாம் படிக்கத் தெரிந்தும் பார்க்காமல் அனுப்புகிறோம்.

இதைப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். மெஷின் நின்றால், வண்டி நின்றால், வீட்டில் பேச்சே நின்றுபோனால், கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் என்ன எழுதியிருக்கிறது, எதிரே இருப்பவர் என்ன சொன்னார் என்பதை முழுவதும் பாருங்கள், முழுவதும் கேளுங்கள். ஒரு துண்டுக் காகிதத்தில் அப்படியே எழுதுங்கள். சரிசெய்வதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பேருந்து போனால் போகட்டும், அடுத்தது வரும்.